பசைக் கம்பளியும் மர்ரம்பிஜி நீரும்: சாமுவேல் மெக்காஹி – நிகழ்வு ஆய்வு

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் குடியேற்றத்தின் ஆட்டுப் பண்ணையாளர்களில் சட்டமன்றத்துக்குப் போனவர்கள் ஏராளம். நிலச் சட்டம்தான் அவர்களுடைய தொழிலின் உயிர்நாடி. அதை எழுதும் இடத்தில் தங்கள் ஆள் இருக்க வேண்டும் என்று நினைத்ததில் வியப்பில்லை. சாமுவேல் மெக்காஹி அந்த வரிசையில் சற்று விலகி நிற்பவர். 1899-ல் மேலவைக்கு வந்து 1919-ல் இறக்கும்வரை உறுப்பினராக இருந்தார். ஆனால் அவருடைய அரசியல் எடை அவையில் இல்லை. மர்ரம்பிஜி ஆற்றங்கரை ஊரான நரண்டேராவுக்கு வடமேற்கே அவர் வெட்டிய வாய்க்கால்களில் இருந்தது. அதே மனிதர் ஆட்டு இனவிருத்தியில் செய்த பிழை, அந்நாட்டுக் கம்பளித் தொழிலின் பெரும் பிழைகளில் ஒன்று. நீரில் சரியாகப் போட்ட கணக்கு கம்பளியில் எப்படித் தப்பியது என்பதைத்தான் இந்த ஆய்வு பின்தொடர்கிறது.

ஆள், நிலம், மாமன்மார்

அயர்லாந்தின் ஆண்ட்ரிம் மாவட்டத்தில், பாலிமீனாவுக்கு அருகே 1835-ல் பிறந்தவர். தந்தை விவசாயி, லினன் வியாபாரமும் உண்டு. தாய் வில்சன் குடும்பம். இந்தக் கதையில் பாதி அந்தத் தாய்வழி உறவுதான். 1856-ல் மாமன் சார்லஸ் வில்சனோடு மெல்போர்னில் வந்து இறங்கினார். விக்டோரியாவின் ஹார்ஷம் பக்கம் கியூவெல் பண்ணையில் ஜாக்கரூவாக, அதாவது தொழில் பழகும் இளைஞராகச் சேர்ந்து, இரண்டே ஆண்டில் அதன் மேலாளர் ஆனார். இன்னொரு மாமன் சாமுவேல் வில்சனும் பண்ணையாளர். பின்னாளில் விக்டோரியாவின் மேலவையிலும் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலும் உட்கார்ந்தவர். 'வெறுங்கையோடு வந்து உயர்ந்தவர்' என்று மெக்காஹியைச் சொல்வது பாதி உண்மைதான். கையில் பணம் குறைவாக இருந்திருக்கலாம். கடன் கிடைக்கும் கதவு திறந்தே இருந்தது.

1860-ல் டேவிட் வில்சன், ஜான் காக்ரன் என்ற இருவருடன் கூட்டுச் சேர்ந்து நியூ சவுத் வேல்ஸின் தெற்கே ரிவரினா சமவெளியில் கூனாங் பண்ணையை வாங்கினார். 42,000 ஏக்கர். விராஜுரி மக்களின் பூமி அது. பண்ணையாளர்கள் கேட்டு வாங்கியது அவர்களிடம் அல்ல, அரசாங்கத்திடம். அடுத்த ஆண்டே ராபர்ட்சன் நிலச் சட்டங்கள் வந்தன. 40 முதல் 320 ஏக்கர்வரை யாரும் குறித்துக்கொள்ளலாம், ஏக்கருக்கு ஒரு பவுண்டு, கால் பங்கு முன்பணம் என்பது ஏற்பாடு. சிறு விவசாயிக்காக எழுதப்பட்ட சட்டம் நடைமுறையில் என்ன ஆயிற்று என்றால், பெரிய பண்ணையாளர்கள் பினாமிப் பெயர்களில் ஓடைக்கரையையும் நீர்க்குழிகளையும் மட்டும் பொறுக்கி வாங்கினார்கள். நீர் உள்ள நூறு ஏக்கரைப் பிடித்துவிட்டால் சுற்றியிருக்கும் பத்தாயிரம் ஏக்கரை வேறு எவனும் சீண்ட மாட்டான். நிலத்துக்கு விலை நிர்ணயிப்பது நீர் என்ற பாடத்தை அந்தத் தலைமுறை இப்படித்தான் படித்தது.

தோண்டிய குளம்

கூனாங்கில் மேய்ச்சல் இருந்தது, குடிநீர் இல்லை. மர்ரம்பிஜி ஆற்றிலிருந்து பிரியும் யான்கோ ஓடை வெள்ளக் காலத்தில் மட்டும் ஓடும். ஓடையின் வாயை வெட்டி ஆழப்படுத்தி ஆற்றுநீரைத் திருப்பும் வேலையில் அந்தப் பகுதிப் பண்ணைகள் பல ஆண்டுகள் முனைந்திருந்தன. ஓடைக்கு எட்டாத நிலத்துக்குத் தரையில் குளம் தோண்டுவதே வழி. நம் ஏரி குளங்களை ஆங்கிலத்தில் 'டாங்க்' என்கிறோமே, அங்கும் தோண்டிய குளத்துக்கு அதே பெயர்தான்.

குளம் வெட்டுவது பார்வைக்கு எளிது, கணக்கில் கடினம். கோடையில் காய்ந்த புல் மேயும் செம்மறி ஒன்றுக்கு நாளைக்கு ஐந்து லிட்டர் என்று வைத்தால், 10,000 ஆட்டுக்கு 50 கனமீட்டர். நூறு நாள் மழை பொய்த்தால் 5,000 கனமீட்டர். ஆனால் அந்த வெயிலில் குளத்தின் மேற்பரப்பிலிருந்து ஆண்டுக்கு ஓர் ஆள் உயரத்துக்கு மேல் நீர் ஆவியாகப் போகும். எனவே அகலமாகத் தோண்டினவன் தோற்றான். குறுகலாக, ஆழமாக, செங்குத்தான கரையோடு தோண்டினவன் தப்பினான். அடியில் களிமண் இருக்க வேண்டும், மணல் நரம்பு ஒன்று குறுக்கே போனாலும் குளம் ஒழுகும். தட்டையான நாட்டில் மழைநீர் தானாக வந்து சேராது. மைல்கணக்கில் ஏர் ஓட்டிச் சால் பிடித்து அழைத்து வர வேண்டும். அந்தச் சால் குளத்தில் விழுமுன் ஒரு சிறு குழி வெட்டி வண்டலைப் பிடிக்காவிட்டால் சில ஆண்டுகளில் குளம் தூர்ந்துவிடும். குளத்தைச் சுற்றி வேலியும் கட்டாயம். வறட்சியில் நீர் வற்றிச் சேறாகும்போது மெலிந்த ஆடுகள் இறங்கி, கால் புதைந்து, அங்கேயே செத்து, மிச்ச நீரையும் கெடுக்கும். நீரை மேலே இறைத்துத் தொட்டியில் விடுவதே சரி.

மாட்டையும் மண்வெட்டியையும் வைத்து இதைப் பெரிய அளவில் செய்ய முடியாது. மெக்காஹிக்கு இயந்திர வேலையில் ஆர்வம் அதிகம். மண் அள்ளும் சாதனங்களையும் நீராவி இழுவையையும் குளம் வெட்டும் வேலைக்குள் கொண்டுவந்தார். ஒரு கனகஜம் மண்ணை எடுக்க ஆகும் செலவு இறங்க இறங்க, முன்பு மேய்ச்சலுக்கு உதவாதிருந்த நிலம் மேய்ச்சல் நிலமாக மாறியது. பண்ணைக்குப் பண்ணை அவர் வளர்ந்ததன் அடிப்படை இதுதான். 1880-ல் மாமன் சாமுவேல் வில்சன் இங்கிலாந்துக்குத் திரும்பும் சமயத்தில், டார்லிங் ஆற்றோரம் டூரேல், டன்லப் என்ற இரு பெரும் பண்ணைகள் மெக்காஹியின் கைக்கு வந்தன. அந்த வறண்ட மேற்கில் 1878-ல் கல்லாரா பண்ணையில் முதல் ஆர்ட்டீசியன் ஊற்று, அதாவது துளையிட்டால் தானாக மேலெழும் நிலத்தடி நீர், பொங்கியிருந்தது. அதன்பின் ஆழ்துளை இடுவது பரவலாயிற்று. உச்சத்தில் 12 பண்ணைகளில் அவருக்கு உரிமையோ பங்கோ இருந்தது. பரப்பு 30 லட்சம் ஏக்கருக்கு மேல், ஆடுகள் சுமார் 10 லட்சம்.

1888, டன்லப் கொட்டகை

ஃபிரெடரிக் யார்க் வுல்ஸ்லி கம்பளி கத்தரிக்கும் இயந்திரத்துக்கு 1877-ல் காப்புரிமை பெற்றார். பத்தாண்டு ஆகியும் ஒரு முழுக் கொட்டகையை அதை நம்பி ஒப்படைக்கப் பெரும் பண்ணையாளர் எவரும் துணியவில்லை. 1888-ல் மெக்காஹி டன்லப்பில் அதைச் செய்தார். முழுப் பருவத்தையும் இயந்திரத்திலேயே முடித்த முதல் ஆஸ்திரேலியக் கொட்டகை அது. சுமார் 40 கத்தரிப்பாளர்கள், ஒரு லட்சத்தைத் தாண்டிய ஆடுகள்.

அமைப்பு இப்படி இருக்கும். கொட்டகையின் ஒரு கோடியில் நீராவி இயந்திரம். அதிலிருந்து தலைக்கு மேலே கொட்டகை நீளத்துக்கும் ஓடும் சுழல்தண்டு. ஒவ்வோர் ஆளின் இடத்திலும் வளையக்கூடிய குழாய் ஒன்று கீழே தொங்கும். அதனுள் சுழலும் இழை கைப்பிடிக்கு விசையைக் கொண்டுவரும். கைப்பிடியின் முனையில் அசையாத சீப்பு, அதன்மேல் இடவலமாக ஓடும் வெட்டுப்பல். சீப்பு தோலோடு ஒட்டி வழுக்க வேண்டும். சற்றுத் தூக்கினால் கம்பளி நடுவில் வெட்டுப்படும். அதை மறுபடி அடியில் வெட்டினால் விழுவது துண்டு மயிர், நூற்பாலையில் அதற்கு மதிப்பில்லை. வெட்டுப்பல் மழுங்கினால் கைப்பிடி சூடேறிப் பிடிக்க முடியாது. எனவே சாணை பிடிப்பதற்கென்றே தனி ஆள். கைக்கத்தரியில் கை பழகியவர்கள் முதலில் தயங்கியதற்கு நியாயம் உண்டு, ஏனென்றால் கூலி தலைக்கணக்கு. கருவி பழகும் வாரங்களின் நட்டம் தொழிலாளியின் பையிலிருந்துதான் போகும்.

பண்ணையாளருக்கு லாபம் வேறிடத்தில். கைக்கத்தரி தோலில் வரிவரியாக மயிரை விட்டுச் செல்லும். இயந்திரம் தோலை ஒட்டி எடுக்கும். ஓர் ஆட்டுக்கு அது சில அவுன்ஸ்தான், ஆனால் லட்சம் ஆட்டுக்குப் பெருக்கிப் பார்த்தால் இயந்திரத்தின் விலை அதிலேயே வந்துவிடும். தொழிலாளர்களோடான உறவு அந்தப் பகுதியில் எப்படிச் சீர்கெட்டது என்பதற்கு வேறு சாட்சிகள் உண்டு. 1894 வேலைநிறுத்தத்தில் சங்கத்தில் சேராத ஆட்களை ஏற்றிச் சென்ற ராட்னி என்ற நீராவிப் படகை டார்லிங் ஆற்றிலேயே எரித்தார்கள்.

வெர்மான்ட் கிடா

இப்போது பிழைக்கு வருவோம். 1880-களில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து மெரினோ (நுண்கம்பளி இன) ஆடுகள் கண்காட்சிகளில் தராசை ஆட்டிப்படைத்தன. கழுத்திலிருந்து பின்தொடைவரை மடிப்பு மடிப்பாகத் தோல். மடிப்பு கூடினால் தோலின் பரப்பு கூடும், பரப்பு கூடினால் மயிர் கூடும் என்பது வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மெக்காஹி அவற்றைப் பெரும் எண்ணிக்கையில் இறக்குமதி செய்து கூனாங் மந்தையில் கலந்தார். அவரிடமிருந்து கிடா வாங்கியவர்கள் வழியாக அந்த ரத்தம் ரிவரினா முழுக்கப் பரவியது.

கம்பளி பொதியில் போகும்போது அழுக்கோடும் எண்ணெய்ப் பசையோடும் போகிறது. ஆலையில் அலசியபின் மிஞ்சுவதுதான் நூலாகும். கணக்குக்காக ஒரு உதாரணம்: 15 ராத்தல் கம்பளியில் நூற்றுக்கு 35 மிஞ்சினால் கையில் நிற்பது 5¼ ராத்தல். 10 ராத்தல் கம்பளியில் நூற்றுக்கு 55 மிஞ்சினால் 5½. தராசில் தோற்ற ஆடு ஆலையில் ஜெயிக்கிறது. வெர்மான்ட்டின் எடையில் பெரும்பங்கு பசை. அந்தப் பசைக்கும் சேர்த்துத்தான் பண்ணையாளர் வண்டிக்கூலியும் படகுக்கூலியும் கப்பல்கூலியும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

எடை மட்டும் ஏமாற்றியிருந்தால் பரவாயில்லை. மடிப்புகளின் இடுக்கில் வியர்வையும் மூத்திரமும் தேங்கி ஈரம் காயாது. அங்கே ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும். ஆடு மேய்ச்சலை விட்டு நின்றுவிடும், கவனிக்காவிட்டால் சில நாளில் சாகும். இனவிருத்தியிலும் அந்த ஆடுகள் மந்தம், குட்டிகள் குறைவு. சிறிய உடம்பு என்பதால் கறிக்கும் விலை போகாது. நீருக்கும் புல்லுக்கும் மைல்கணக்கில் நடக்க வேண்டிய நாட்டில் அந்தச் சுமையோடு நடக்கவும் திராணி இல்லை. இதையெல்லாம்விட வேடிக்கை, டன்லப்பில் முதன்முதலாக இயந்திரத்தை நம்பிய அதே உரிமையாளர் இயந்திரத்துக்கு ஆகவே ஆகாத ஆட்டை வளர்த்தார் என்பது. சீப்பு நேராக ஓட வேண்டுமானால் தோல் விறைப்பாக இருக்க வேண்டும். மடிப்புத் தோலில் ஒவ்வொரு மடிப்பையும் இடக்கையால் இழுத்துப் பிடித்து வெட்ட வேண்டும். நேரமும் போகும், தோலும் கிழியும், கிழிந்த இடத்தில் மறுபடி ஈ.

இத்தனை கூர்மையான மனிதர் ஏன் பார்க்கவில்லை? நாங்கள் மூன்று காரணங்களைப் பார்க்கிறோம், ஆனால் மூன்றும் ஒரே எடை உள்ளவை அல்ல. பரிசு கொடுத்த நடுவர்கள் கத்தரித்த எடையைத்தான் பார்த்தார்கள்; இது முதன்மையானது. கலப்பின் முதல் தலைமுறையில் எடை உண்மையிலேயே ஏறும், கேடு அடுத்தடுத்த தலைமுறைகளில்தான் முகம் காட்டும். அதற்குள் ஐந்தாறு வருடம் ஓடி, கிடாக்கள் ஊரெல்லாம் விற்றுப் போயிருக்கும். மூன்றாவதாக, 1890-களின் தொடக்கத்தில் மழை ஓரளவு பெய்தது. நல்ல மழையில் எந்த ஆடும் நன்றாகத்தான் தெரியும். பக்கத்திலேயே வாங்கனெல்லாவில் பெப்பின் குடும்பம் 1861 முதல் வேறு பாதையில், பெரிய உடம்பும் நீண்ட மயிரும் உள்ள மெரினோவை உருவாக்கியிருந்தது. இன்றைய ஆஸ்திரேலிய மெரினோக்களில் பெரும்பங்கு அந்த வழி வந்தவை. 1900-களின் தொடக்கத்தில் வெர்மான்ட் ரத்தத்தைக் கழித்துக்கட்டுவதே இனவிருத்தியாளர்களின் முக்கிய வேலையாயிற்று.

வறட்சியும் சட்டமும்

1895-ல் தொடங்கி 1902 வரை நீண்டது, கூட்டாட்சிக் கால வறட்சி; குடியேற்றங்கள் ஒரே கூட்டாட்சியான 1901-ஐ ஒட்டி வந்ததால் அந்தப் பெயர். முயல்கள் ஏற்கெனவே புல்லைத் தின்று முடித்திருந்தன. நியூ சவுத் வேல்ஸின் செம்மறிகள் 1891-ல் 6 கோடியே 18 லட்சம். 1902-ல் 2 கோடியே 70 லட்சத்துக்கும் கீழ். தோண்டிய குளம் எவ்வளவு திறமையாக வெட்டப்பட்டாலும் மழை வந்தால்தான் நிறையும். ஆழ்துளை நீர் குடிக்க ஆகும், புல் விளைவிக்க ஆகாது. ஆடு தாகத்தால் சாவதைத் தடுத்த மனிதர் அது பசியால் சாவதைப் பார்க்க நேர்ந்தது.

1900-ல் அவர் மர்ரம்பிஜியின் வடகரையில் வட யான்கோ பண்ணையை வாங்கினார். வயது 65. அங்கே சுமார் 200 மைல், அதாவது 320 கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டி 40,000 ஏக்கருக்கு நீர் பாய்ச்சினார். குதிரைமசாலும் தீவனப் பயிர்களும். குதிரைமசாலின் வேர் ஆழமாக இறங்கும், வெட்ட வெட்டத் துளிர்க்கும். ஆனால் பசித்த மந்தையை ஈரமான இளந்தழையில் அப்படியே விட்டால் வயிறு உப்பும். முதலில் உலர்தீவனம் கொடுத்துவிட்டுத்தான் திறக்க வேண்டும். ஒரே துண்டில் விட்டு மொட்டையடிக்க விட்டாலும் பயிர் செத்துவிடும், மாற்றி மாற்றி மேய்க்க வேண்டும். வாய்க்காலின் சரிவும் அதே மாதிரி நுட்பம். கூடுதலாகச் சரித்தால் கரை அரிக்கும், குறைத்தால் வண்டல் படியும், கடைமடைக்கு நீர் போகாது.

40,000 ஏக்கருக்கு 200 மைல் என்றால் மைலுக்கு 200 ஏக்கர். இந்த விகிதம் முக்கியம். இது பாத்தி கட்டிப் பாய்ச்சும் தோட்டப் பாசனம் அல்ல. வெள்ளமாகத் திறந்துவிடும் மேய்ச்சல்காரரின் பாசனம். பின்னால் இதை மாதிரியாகக் காட்டிய அரசியல்வாதிகள் இந்த வித்தியாசத்தைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அந்நாளில் மேலவை உறுப்பினர் பதவிக்குத் தேர்தல் கிடையாது. அரசின் பரிந்துரையில் ஆளுநர் ஆயுட்காலத்துக்கு நியமிப்பார், சம்பளமும் இல்லை. அதனால் மெக்காஹி யாருக்கும் வாக்குறுதி கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் நீர் விஷயத்தில் அரசு இல்லாமல் ஒரு பண்ணையாளரால் இரண்டு இடங்களைத் தாண்ட முடியாது. முதலாவது சட்டம்: 1896-ன் நீர் உரிமைச் சட்டம் ஆறுகளின் நீரை அரசுடைமையாக்கியது, ஆற்றில் அணையோ வாய்க்காலோ போட உரிமம் வேண்டும். இரண்டாவது பருவம்: மர்ரம்பிஜி மலைப்பனி உருகும் குளிர்கால இறுதியிலும் வசந்தத்திலும் நிரம்பி ஓடும், பயிர் நீர் கேட்கும் ஜனவரி, பிப்ரவரியில் இளைத்துவிடும். வசந்தத்து நீரைக் கோடைவரை பிடித்துவைக்க மலையில் அணை வேண்டும். அது எந்தக் கோடீஸ்வரரின் கைக்கும் மீறிய வேலை. ஹே ஊரின் ராபர்ட் கிப்சன் போன்றவர்கள் கால்வாய்த் திட்டத்துக்காகப் பல காலம் குரல் கொடுத்துவந்தார்கள். மெக்காஹி கொடுத்தது கண்ணால் பார்க்கக்கூடிய சான்று. சுற்றிலும் பொட்டல், நடுவே பச்சை. அதைப் பார்க்க ஆட்களை அழைத்துவந்தால் போதும். 1905-ல் சர் பட்டம் கிடைத்தது. 1906-ல் அணைக்கும் கால்வாய்க்குமான சட்டம் நிறைவேறியது, 1907-ல் பர்ரின்ஜக் அணை வேலை தொடங்கியது, 1912-ல் யான்கோவில் குடியேறிய விவசாயிகளுக்கு முதல் நீர் வந்தது. லீட்டன் நகரம் எழுந்தது வட யான்கோ பண்ணையின் நிலத்தில்தான்.

திட்டத்தில் பிறகு வந்த தொல்லைகளுக்கு மைலுக்கு 200 ஏக்கர் என்ற அந்த விகிதத்திலிருந்தே விளக்கம் தேடலாம். அரசு கொடுத்தது சில ஏக்கர் தோட்டங்களும் சில பத்து ஏக்கர் பண்ணைகளும். அந்த அளவில் நீர் கொடுப்பது பாதி வேலை, வடிப்பது மீதிப் பாதி. களிமண்ணில் வடிகால் இல்லாமல் பாய்ச்சியதில் நிலத்தடி நீர்மட்டம் ஏறி, பழமரங்களின் வேர் அழுகியது, உப்பும் மேலே வந்தது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பி நிலம் பெற்ற சிப்பாய்களில் பலர் கடனில் மூழ்கினார்கள். கடைசியில் அந்தக் களிமண்ணுக்குப் பொருத்தமாக அமைந்தது, 1924-ல் வணிக அளவில் தொடங்கிய நெல்.

கணக்கு முடித்தல்

மெக்காஹி திருமணம் செய்துகொள்ளவில்லை. 1919 ஜூலையில் வட யான்கோவில் இறந்தபோது சொத்து 16 லட்சம் பவுண்டு அளவில் இருந்தது. பெரும்பங்கு சிட்னி, குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகங்களுக்குப் போயிற்று. சிட்னியில் அவர் பெயரில் பேராசிரியர் இருக்கைகள் இன்றும் உண்டு. வட யான்கோ மாளிகை 1922-ல் விவசாய உயர்நிலைப் பள்ளியாயிற்று.

டார்லிங் பக்கத்துக் கணக்கு மட்டும் நெடுநாள் திறந்தே கிடந்தது. டூரேலில் வாரேகோ ஆற்றின் குறுக்கே போட்ட மண் அணைகள் வெள்ளநீரை மேய்ச்சல் நிலத்தில் பரப்பிக்கொண்டிருந்தன. அந்த நீர் டார்லிங்கில் சேர்ந்து கீழ்நிலத்துக்குப் போக வேண்டியது. 2008-ல் நியூ சவுத் வேல்ஸ் அரசு மத்திய அரசின் பணத்தோடு டூரேலை 2 கோடியே 37½ லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு வாங்கியது. வாங்கியது ஆட்டுக்காகவும் புல்லுக்காகவும் அல்ல, நீர் உரிமைக்காக. நிலம் தேசியப் பூங்காவாகி, கூர்னு-பாகன்ட்ஜி மக்கள் அதன் பராமரிப்பில் பங்கு பெற்றார்கள். அணைகளின் வழியே நீரைக் கீழே விடும் வேலை தொடங்கியது.